லோனா வந்த வழி

தை பிறந்ததும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்துச் சுவர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்ற எழுத்துகள் ஏறிவிடும். சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் வயலைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, மண்ணைக் கெட்டியாக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டால் களம் தயார். இப்போது மேட் விரித்த களங்களும் வந்துவிட்டன. ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் வர்ணனையாளர் குரல் திடீரென்று உயரும்: ‘லோனா! கூடுதலாக இரண்டு வெற்றிப் புள்ளிகள்!’ கூட்டத்தில் பாட்டி முதல் பள்ளிக்கூடத்துப் பையன் வரை அதன் பொருள் புரியாதவர் ஒருவரும் இல்லை. எதிரணியில் ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேறிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் இந்தச் சொல்லைத் தமிழில் வேறெங்கும் பார்க்க முடியாது. அடுப்படியில் இல்லை, வயலில் இல்லை, கடைத்தெருவில் இல்லை. கபடிக் களத்துக்குள் மட்டும் வாழ்கிறது. ஒரு சொல் இப்படி ஒரே இடத்தில் குடியிருந்தால், அது வந்த தடத்தைத் தேடிப் பிடிப்பது எளிது.

முதலில் அது செய்கிற வேலையைப் பார்த்துவிடலாம். ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். ‘கபடி, கபடி’ என்று பாடிப் போகிறவர் எதிரணியில் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி, இருவரைத் தொட்டால் இரண்டு. போனவரை மடக்கிப் பிடித்தால் பிடித்த அணிக்கு ஒரு புள்ளி. எதிரணியில் வெளியேற்றும் ஒவ்வொருவருக்கும் ஈடாக, முன்பு வெளியேறிய தம் ஆட்களில் ஒருவர் களத்துக்குத் திரும்புவார். ஏழு பேரும் ஒருசேர வெளியே நிற்கும் நிலை வந்துவிட்டால் அதுதான் லோனா. எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். வெளியேறிய எழுவரும் உயிர் பெற்று உள்ளே வருவார்கள்.

2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியதிலிருந்து கபடிக்குப் புள்ளிவிவரம் என்ற புதிய வாழ்வு வந்திருக்கிறது. தொலைக்காட்சித் திரையிலும் கைபேசியிலும் ஆர்.பி., டி.பி., எஸ்10, எச்5, டி.ஓ.டி. என்று எழுத்துகள் ஓடுகின்றன. ஆர்.பி. என்பது ரைடில், அதாவது பாடிப் போய், எடுத்த புள்ளி. டி.பி. என்பது டேக்கிளில், அதாவது பிடியில் எடுத்தது. ஒரே ஆட்டத்தில் ரைடில் பத்துப் புள்ளி தொட்டால் சூப்பர் டென். பிடியில் ஐந்து எடுத்தால் ஹை ஃபைவ். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுங்கையோடு முடிந்தால் மூன்றாவது டி.ஓ.டி., டூ ஆர் டை: புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும் அணி ரைடரைப் பிடித்துவிட்டால் சூப்பர் டேக்கிள், ஒரு புள்ளி கூடுதல். இந்த வரிசையில் லோனாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. களத்தில் மூன்று பேர் மிச்சமிருக்கும்போது ஒரு ரைடர் மூவரையும் தொட்டுத் திரும்பினால் பலகையில் ஐந்து புள்ளி ஏறும். ஆனால் அவர் பெயரில் எழுதப்படுவது மூன்றுதான். மீதி இரண்டும் அணியின் கணக்கு. எவர் பெயருக்கும் போகாமல் ஊர் முழுவதற்கும் பொதுவாக நிற்கும் புள்ளி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

இனி சொல்லுக்கு வருவோம். மராத்தியில் லோண் என்றால் உப்பு. வடமொழி லவணம் பிராகிருதத்தில் லோண என்று சுருங்கி, அங்கிருந்து மராத்தியில் லோண் ஆயிற்று, குஜராத்தியில் லூண் ஆயிற்று. கபடியில் உப்புக்கு என்ன வேலை? கபடியில் வேலையில்லை. இந்தச் சொல் கபடிக்கு இன்னொரு விளையாட்டிலிருந்து வந்தது. மகாராஷ்டிரத்தில் ஆட்யா பாட்யா என்றும் குஜராத்தில் லோண்பாட் என்றும் ஓர் ஆட்டம் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிளித்தட்டு. நீள்சதுரக் களம், குறுக்கே கோடுகள், கோட்டுக்கு ஒரு காவல்காரர். மற்றவர்கள் தட்டுத் தட்டாகத் தாண்டிக் கடைசி வரை போய், தொடப்படாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்தப் பயணம் நிறைவேறியதற்கு மராத்தியர் இட்ட பெயர்தான் லோண். உப்பைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்ற பாவனை.

இதைப் படித்ததும் தமிழ்நாட்டு வாசகருக்குச் சட்டென்று ஒன்று நினைவுக்கு வர வேண்டும். கிளித்தட்டுக்கு நம்மிடமே உப்புக்கோடு என்ற பெயரும் வழக்கில் உண்டு. மராத்தியர் லோண் என்றதையே நாம் உப்பு என்றோம். ஒருவர் பெயரை மற்றவர் மொழிபெயர்த்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டின் உள்ளே இருக்கும் கதையே உப்பைப் பற்றியது. வேதாரண்யத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: வரிசையான பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே நடக்கும் அளவுக்கு மட்டும் வரம்பு, வரம்பின்மேல் ஆள் நடமாட்டம். கிளித்தட்டின் கட்டங்களை அப்படியே பெரிதாக வரைந்து வைத்ததுபோல இருக்கும். உப்புக்குக் காவலும் வரியும் இருந்த நாட்டில், காவலைத் தாண்டி உப்பு எடுத்துவரும் ஆட்டத்தைப் பிள்ளைகள் உண்டாக்கியதில் வியப்பில்லை. அந்த வரியை எதிர்த்துத்தான் 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சைத் தரணியைக் குறுக்காக நடந்து கடந்து வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள்.

லோனா மராத்திச் சொல் என்று தெரிந்ததும், தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு விடை தயாராக இருக்கும்: போன்ஸ்லே மன்னர்கள். 1676 முதல் 1855 வரை மராத்தியர் ஆண்ட ஊர் அல்லவா, அவர்களோடு வந்திருக்கும் என்று தோன்றும். கில்லாடி என்ற சொல் அப்படி மராத்தியிலோ இந்துஸ்தானியிலோ இருந்து தமிழுக்கு வந்ததுதான். அதன் மூலப்பொருளும் விளையாடுகிறவன் என்பதுதான். ஆனால் லோனாவுக்கு இந்த விடை பொருந்தாது. காரணம் ஒரே ஓர் எழுத்து. மராத்தி லோண் என்பதில் இருப்பது நாக்கை மடித்துச் சொல்லும் ணகரம். தமிழனுக்கு ணகரம் பழகிய ஒலி. காதால் கேட்டு வாங்கியிருந்தால் அது லோண் என்றோ லோணா என்றோதான் நம் வாயில் நின்றிருக்கும். ணகரத்தை விட்டு னகரத்தைப் பிடிக்க நமக்கு ஒரு தேவையும் இல்லை. ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடுகின்றன. விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் அச்சானது. அதில் இச்சொல் ஈற்றில் ஓர் ஆகாரத்தோடு நிற்கிறது. அதைப் படித்தவர்களும், இந்தியில் சொல்லக் கேட்டவர்களும் லோனா என்றார்கள். ஆக இது அரண்மனை வழியாக வந்த சொல் அன்று, நடுவர்களின் சட்டைப்பையில் இருந்த விதிப்புத்தகம் வழியாக வந்த சொல்.

அந்தப் புத்தகத்தின் வரலாறும் மேற்கிந்தியாவில்தான் தொடங்குகிறது. 1918 வாக்கில் மகாராஷ்டிரத்து விளையாட்டு ஆர்வலர்கள் ஊருக்கு ஊர் வேறுபட்ட ஆட்டத்துக்குப் பொது விதி வகுத்தார்கள். 1923-ல் விதிகள் அச்சேறின. அதே ஆண்டு பரோடாவில் அகில இந்தியப் போட்டி நடந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழு அங்கே இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டியது. 1950-ல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி 1952-ல் சென்னையில் நடந்தது. ஆட்யா பாட்யாவையும் கபடியையும் ஒரே மைதானங்களில் ஆடி வளர்ந்தவர்கள் வகுத்த விதி என்பதால், ஓர் ஆட்டத்தின் முழுவெற்றிக்குரிய பெயர் மற்றோர் ஆட்டத்தின் முழுவெற்றிக்கு மாறியது இயல்பாக நடந்திருக்கிறது.

விளையாட்டுச் சொற்கள் இப்படி வீடு மாறுவது உலகெங்கும் உண்டு. ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தால் ஹாட்ரிக் என்பார்கள், ரசிகர்கள் தொப்பிகளைப் பனித்தரையில் வீசுவார்கள். அந்தப் பெயர் கிரிக்கெட்டில் பிறந்தது. 1858-ல் ஷெஃபீல்டில் எச். எச். ஸ்டீபன்சன் தொடர்ந்து மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்ததற்காகப் பணம் திரட்டித் தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். கொடுத்த கடனைக் கிரிக்கெட் பின்னால் வசூலித்துக்கொண்டது. எதிரணியில் ஒருவர் தண்டனை பெற்று வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தை ஐஸ் ஹாக்கியில் பவர்பிளே என்பார்கள். 2005-ல் ஒருநாள் கிரிக்கெட் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இன்று சேப்பாக்கத்தில் அதைச் சொல்லாத வர்ணனையாளர் கிடையாது.

லோனாவுக்கு அடுத்தபடி என்னைப் பிடித்துவைத்த சொல் பாக். களத்தின் நடுக்கோட்டிலிருந்து ஆடவர் ஆட்டத்தில் 3.75 மீட்டர், மகளிர் ஆட்டத்தில் 3 மீட்டர் தள்ளி ஒரு கோடு இருக்கும். பாடிப் போகிறவர் யாரையும் தொடாவிட்டாலும் இந்தக் கோட்டையாவது தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். தாண்டாமல் திரும்பினால் அவுட். ‘பாக் தொட்டுட்டு வாடா’ என்று வெளியே நிற்பவர்கள் கத்துவார்கள். பாக் என்பதை ஏதோ புரியாத விதிச்சொல் என்று நினைத்துக் கடந்துவிடுகிறோம். அதன் மூலமாகப் பழைய ஆங்கிலத்தில் பால்கா என்றொரு சொல் இருந்தது. ஏர் உழும்போது இரண்டு சால்களுக்கு நடுவே உழாமல் விட்ட மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். அதாவது வரப்பு. நிலத்தைப் பிரிக்கும் மேடு, தடுத்து நிறுத்தும் எல்லை என்றெல்லாம் பொருள் விரிந்து, பில்லியர்ட்ஸ் மேசையில் ஒரு கோட்டுக்குப் பெயராகி, அங்கே பழகிய ஆங்கிலத்தின் வழியே கபடி விதிக்குள் நுழைந்திருக்கிறது. காவிரிப் பாசனத்தில் அறுவடை முடிந்த வயலில், வரப்புகளுக்கு நடுவே, சுண்ணாம்பால் இன்னொரு வரப்பு போட்டு அதற்கு ஆங்கிலப் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ரைடு என்பது பழைய ஆங்கிலத்தில் குதிரையேறிப் போவதைக் குறித்த சொல்லின் ஸ்காட்லாந்து வடிவம். ரோடு என்பதும் அதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் வேறு. டேக்கிள் கப்பற்கயிறும் கப்பிகளும் சேர்ந்த கருவிக்குப் பெயர், வடகடல் மாலுமிகளின் சொல். போனஸ் லத்தீனில் நல்லது. பாக் கோட்டுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கும் போனஸ் கோட்டுக்குள், எதிரே ஆறு பேராவது நிற்கும்போது கால் பதித்துத் திரும்பினால் கிடைக்கும் புள்ளி அது. பாயிண்ட் என்பதற்கு லத்தீனில் குத்திவைத்த பொட்டு என்று பொருள், தமிழில் புள்ளி என்பதும் அதே பொட்டு. மதிப்பெண்ணுக்கும் புள்ளிவிவரத்துக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருப்பது வேர் வரை சரியாக இருக்கிறது.

இந்த எண்களும் எழுத்துகளும் யாருக்காக என்று கேட்பவர்களுக்குத் திருக்காட்டுப்பள்ளி வட்டாரம் ஒரு பெயரைக் காட்டும். கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளிக்கு வரும் வழியில், கோயிலடிக்குப் பக்கத்தில், பழைய சடையார் கோயில் இருக்கும் ஊர் திருச்சென்னம்பூண்டி. அந்த ஊர்க்காரர் தர்மராஜ் சேரலாதன். வலது கார்னரில் நின்று பிடித்தவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, 2016-ல், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கி லீக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாத்தில் ஈரானை 38-க்கு 29 என்று வீழ்த்தி உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். சக ஆட்டக்காரர்கள் வடநாட்டில் இருந்தாலும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார்கள். டி.பி. என்ற அந்த இரண்டு எழுத்து இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட ஒரு பிடிகாரரின் உழைப்பு ஊர்க்காரர்களின் நினைவில் மட்டுமே இருந்திருக்கும். பாடிப் போகிறவர் பேர் வாங்குவார், கார்னரில் காத்திருந்து கணுக்காலைப் பிடிப்பவர் மறக்கப்படுவார். புள்ளிவிவரம் அந்த அநீதியைக் குறைத்திருக்கிறது. அதற்காகவே இந்தச் சுருக்கெழுத்துகளை நம் பிள்ளைகள் படித்துக்கொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இனி, ஆட்டத்தின் பெயருக்கே போகலாம். கை, பிடி இரண்டும் சேர்ந்து கபடி ஆயிற்று என்று மேடையிலும் பாடப்புத்தகத் துணைநூல்களிலும் சொல்லக் கேட்டிருப்போம். தமிழ்ப் பற்றில் சொல்வது, எனக்கும் அந்தப் பற்று உண்டு. ஆனாலும் இது நிற்காது. நம் ஊர்களில் இந்த ஆட்டத்துக்கு இருந்த பெயர் கபடி அன்று, சடுகுடு. மொழியறிஞர் பாவாணர் தமிழ்நாட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதிய நூலிலும் அதன் பெயர் சடுகுடுதான். கைபிடி என்ற தமிழ்ச்சொல்லிலிருந்து கபடி பிறந்திருந்தால், தமிழ்நாட்டுக் கிராமங்களில்தான் அந்தப் பெயர் முதலில் வேர் பிடித்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் வடக்கேயிருந்து கூட்டமைப்பும் விதியும் வந்த பிறகுதான் அது இங்கே பரவியது. வடக்கே அதை அழுத்தமான இரட்டை டகரத்தோடு சொல்கிறார்கள். தமிழில் டகரத்தை இரட்டித்தால் ஒலி வன்மையாகிக் கபட்டி ஆகிவிடும். மூல ஒலியைக் காப்பாற்ற ஒற்றை டகரம் போட்டோம். அந்த ஒற்றை டகரம்தான் பிடி என்ற சொல்லை அதற்குள் பார்க்க இடம் கொடுத்தது.

உண்மையான விடை எல்லாப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கிறது. தமிழில் சடுகுடு, தெலுங்கில் செடுகுடு, மராத்தியில் ஹுதுது, வங்கத்தில் ஹாடுடு, இலங்கையில் குடு. எதற்கும் அகராதிப் பொருள் தேட வேண்டியதில்லை. எல்லாம் மூச்சை விடாமல் சொல்லிக்கொண்டே ஓடுவதற்கு வசதியான ஒலிகள். மெய்யும் உயிரும் மாறி மாறி வந்து, நாக்கை ஓயவிடாமல், நுரையீரலில் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் ஒலிகள். கபடியும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஊருக்கு ஊர் வேறு ஒலி, எல்லா ஊரிலும் அந்த ஒலியே ஆட்டத்தின் பெயர். ஆட்டத்தின் உயிர் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அகில இந்தியக் கூட்டமைப்பு ஒரே ஒலியைத் தேர்ந்தெடுத்துவிட்டதால் மற்ற ஒலிகள் தம் ஊர்களிலேயே அந்நியமாயின. 2009-ல் சுசீந்திரன் எடுத்த தமிழ்ப் படத்துக்குக்கூட வெண்ணிலா கபடிக் குழு என்றுதான் பெயர். சடுகுடு என்று வைத்திருந்தால் இளையவர்களுக்கு ஒரு தலைமுறை பின்னால் போனதுபோல இருந்திருக்கும்.

விதிப்புத்தகத்தில் இந்த ஒலிக்கு ஒரு கலைச்சொல் உண்டு: கேண்ட். ஒரே மூச்சில், இடைவிடாமல், தெளிவாக, உரக்க, அனுமதிக்கப்பட்ட சொல்லான கபடியைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேண்ட் என்று அது வரையறுக்கிறது. லத்தீனில் கன்டாரே என்றால் பாடுவது, அதிலிருந்து வந்த சொல் இது. நம் ஊரில் இதை எவரும் மொழிபெயர்த்துத் தரவில்லை, ஆனால் நாம் முன்பே அப்படித்தான் சொல்லிவந்தோம். ‘நீ பாடிப் போ’, ‘பாட்டை விட்டுட்டான்’, ‘பாட்டு கேக்கல’. ரைடு என்று இன்று சொல்வதற்கு நம் சொல் பாட்டு. ரைடு என்றால் படையெடுப்பு, பாட்டு என்றால் பாட்டு. ஒரே செயலைப் பற்றிய இரு பார்வைகள் இவை. உண்மையிலேயே பாட்டாகவே இருந்த காலமும் உண்டு. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று வரிகள் வைத்திருப்பார்கள். தம் வீரத்தையோ எதிராளியின் குலப்பெருமையையோ இழுத்துப் பாடி, கடைசிச் சொல்லை மூச்சு இருக்கும் வரை அடுக்கிக்கொண்டே போவார்கள். திருக்காட்டுப்பள்ளியிலும் கோயிலடியிலும் பூதலூரிலும் அறுபது எழுபது வயதில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்களிடம் போய் உட்கார்ந்து, அந்த வரிகளை ஒலியாகப் பதிவுசெய்து வைப்பது பக்கத்துப் பள்ளி மாணவர்களால் முடிகிற வேலை. உடனே செய்ய வேண்டிய வேலையும்கூட.

இப்போது ரைடுக்கு முப்பது விநாடி என்று கடிகாரம் அளக்கிறது. மூச்சு அளந்துகொண்டிருந்த காலத்தைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. தொட்டது, பிடித்தது, தாண்டியது, வெறுங்கையோடு திரும்பியது என்று எல்லாவற்றுக்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை விநாடி ஒருவர் மூச்சை அடக்கிப் பாடினார், எவர் குரல் எல்லைக்கோடு வரை கேட்டது என்பதற்குக் கட்டம் இல்லை. ஆனாலும் பாட்டு மதிப்பெண் தாளிலிருந்து முழுவதும் போய்விடவில்லை. எதிரணியின் மண்ணை மிதித்த பிறகு தாமதமாகக் கபடி சொல்லத் தொடங்கினால் நடுவர் விசிலடித்து ரைடரைத் திருப்பி அனுப்புவார். எதிரணிக்கு ஒரு டெக்னிக்கல் புள்ளி கொடுப்பார், பாடிப் போகும் முறையும் அவர்களுக்கே போகும். போன வழியில் பாட்டு அறுந்துபோனால் போனவர் அவுட். நடுவர்கள் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கோட்டோரம் நிற்கிறார்கள்.